முதல் நாளே பள்ளியை மூடச் சொல்லும் மனு

கேள்வி:

டாக்டர் அவர்களுக்கு வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. வீட்டுக்காரர் தென்னந்தோப்பையும் மாடுகளையும் பார்த்துக்கொள்கிறார். நான் எல்லை தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் நார் மில்லுக்கு வேலைக்குப் போகிறேன். மகன் ஏழாம் வகுப்பு, மகள் மூன்றாம் வகுப்பு. இருவரும் இங்கேயே தமிழ்வழியில் படிக்கிறார்கள். 2025 ஜூலையில் மண்ணார்க்காடு பக்கம் நிபா என்று செய்தி வந்ததிலிருந்து எங்கள் பள்ளிப் பெற்றோர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். "இனி எந்தத் தொற்று வந்தாலும் முதல் நாளே பள்ளியை மூட வேண்டும்" என்று ஒரு மனு தயாராகிறது. பெற்றோர்-ஆசிரியர் சங்கத்தின் (பி.டி.ஏ.) பொதுக்குழுவில் வைத்துக் கலெக்டருக்கு அனுப்பப் போகிறார்களாம். என் வீட்டுக்காரர் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டுவிட்டார். 2021 மே மாதம் என் மாமனார் கொரோனாவில் இறந்துபோனார். மகன் அப்போது அப்பாருவோடுதான் (தாத்தாவோடுதான்) படுத்துத் தூங்குவான். "பிள்ளைகள்தான் நோயை வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள்" என்பது அவருடைய முடிவு. இப்போது மாமியாருக்குச் சர்க்கரையும் மூச்சிரைப்பும் இருக்கின்றன. எனக்குக் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. மகன் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது பள்ளியை மூடினார்கள். மூன்றாம் வகுப்பில் திறந்தார்கள். இன்றும் பாடப்புத்தகத்தைத் திக்கித் திக்கித்தான் வாசிக்கிறான். தங்கச்சி அவனைவிட நன்றாக வாசிக்கிறாள். அதைச் சொன்னால், "படிப்பு பெரிதா, உயிர் பெரிதா" என்று கேட்டு வாயை அடைத்துவிடுகிறார். எங்களில் யார் சொல்வது சரி?

பதில்:

உயிர் பெரிதா, படிப்பு பெரிதா என்று கேட்டால் உலகத்தில் யாரும் படிப்பு என்று சொல்ல மாட்டார்கள். அதனால் அந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒவ்வொரு முறையும் ஜெயித்துவிடுகிறார். ஆனால் பள்ளியை மூடினால் எந்த உயிர் பிழைக்கும், எத்தனை நாள் மூடினால் பிழைக்கும் என்று அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அதற்கு ஒரே பதில் கிடையாது. நோய்க்கு நோய் மாறும். அந்த மனுவில் எனக்குப் பிடிக்காத மூன்று சொற்கள் "எந்தத் தொற்று வந்தாலும்" என்பவைதான்.

முதலில் நிபாவைப் பார்ப்போம், மனு அதிலிருந்துதானே கிளம்பியது. நிபா மிகக் கொடிய நோய். பிடித்தவர்களில் நூற்றுக்கு 40 முதல் 75 பேர் வரை இறக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 2018இல் கோழிக்கோடு, மலப்புறம் மாவட்டங்களில் 17 உயிர்களைக் கொண்டுபோனது. பயம் நியாயமானதுதான். ஆனால் அந்த 2018இல் அது எங்கே பரவியது? மருத்துவமனை வராந்தாவில், வார்டில், நோயாளியின் படுக்கையருகே. நோயாளிகளைக் கவனித்துக்கொண்ட பேராம்பிரா தாலுகா மருத்துவமனைச் செவிலியர் லினி அப்படித்தான் உயிரிழந்தார். நோய் முற்றி இருமிக்கொண்டும் வாந்தியெடுத்துக்கொண்டும் படுத்திருப்பவரிடமிருந்து, அவரைத் தொட்டுப் பணிவிடை செய்பவர்களுக்குப் பரவும் கிருமி இது. ஓடியாடி விளையாடும் பிள்ளையிடமிருந்து பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளைக்குத் தாவுவது இதன் வழக்கம் அல்ல. அதனால் நிபா வந்தால் நோயாளியின் தொடர்பில் இருந்தவர்களைக் கண்டுபிடித்து 21 நாள் கண்காணிப்பதும், அவர்கள் வசிக்கும் பஞ்சாயத்து வார்டுகளை அடைப்பதும்தான் வேலை. 2023 செப்டம்பரில் கோழிக்கோட்டில் பத்து நாள் போலப் பள்ளிகளை மூடி, தொடர்புகளைத் தேடி முடித்ததும் திறந்துவிட்டார்கள். அந்த மாதிரி மூடலை நான் ஆதரிக்கிறேன். இடம் குறிப்பிட்டு, நாள் குறிப்பிட்டு, என்ன வேலை முடிந்தால் திறக்கலாம் என்று தெரிந்து மூடினார்கள். மண்ணார்க்காட்டில் ஒருவருக்கு வந்ததற்காக, மாவட்டத்தின் இன்னொரு கோடியில் கொழிஞ்சாம்பாறைப் பிள்ளையை வீட்டில் உட்காரவைப்பதால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நிபாவின் கிருமி பழந்தின்னி வௌவாலிடம் இருக்கிறது. பங்களாதேஷில் பலருக்கு அது வந்தது வௌவால் வாய்வைத்த ஈச்சம்பதநீரைப் பச்சையாகக் குடித்ததால். உங்கள் சித்தூர்த் தாலுகாவில் எத்தனை தோப்புகளில் கள் இறக்குகிறார்கள் என்று உங்கள் வீட்டுக்காரருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பள்ளியை மூடச் சொல்லி மனு எழுதும் ஊரில், மரத்தில் தொங்கும் கள்ளுப்பானையை மூடச் சொல்லி யாரும் மனு எழுதியதாகத் தெரியவில்லை. வௌவால் கடித்துப் போட்ட பழத்தைப் பிள்ளைகள் பொறுக்கித் தின்னாமல் பார்த்துக்கொள்வதும் பள்ளிக் கதவை அடைப்பதைவிடப் பயன் தரும்.

சளிக்காய்ச்சல் வகையைச் சேர்ந்த புளூ வேறு கதை. அதை ஊருக்குள் கொண்டுபோகும் முதல் ஆட்கள் குழந்தைகள்தான். புதிய வகை புளூ ஒன்று உலகத்தைச் சுற்ற ஆரம்பித்தால், தொடக்கத்திலேயே பள்ளிகளைச் சில வாரங்கள் மூடுவது நோயின் வேகத்தைக் குறைக்கும். மருத்துவமனைகளுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். 1918ஆம் ஆண்டுப் பெருங்காய்ச்சலின்போது அமெரிக்க நகரங்களில், சீக்கிரமே மூடி நீண்ட நாள் கட்டுப்பாடு வைத்திருந்த நகரங்களில் சாவு குறைவாக இருந்தது. ஆனால் அதே காலத்தில் நியூயார்க்கும் சிகாகோவும் பள்ளிகளைத் திறந்தே வைத்திருந்தன. நியூயார்க்கின் சுகாதார அதிகாரிகள் சொன்ன காரணம் எனக்கு மிகவும் பிடிக்கும்: நெருக்கடியான ஒண்டுக்குடித்தனங்களில் அடைந்து கிடப்பதைவிட, காற்றோட்டமான வகுப்பறையில், தினமும் செவிலியர் பார்த்து, காய்ச்சல் இருக்கும் பிள்ளையை உடனே பிரித்தெடுக்கும் இடத்தில் குழந்தை இருப்பது மேல். நூறு வருடம் கழித்து மூணாறு தேயிலைத் தோட்டத்து லயங்களில் இருக்கும் நம் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இந்தக் காரணம் பொருந்தும். ஓர் அறையும் ஒரு சமையல்கட்டும் உள்ள வீட்டில் "தனிமைப்படுத்திக்கொள்" என்றால் அந்தக் குழந்தை எங்கே போகும்?

இப்போது கொரோனாவுக்கு வருகிறேன், உங்கள் வீட்டுச் சண்டை அங்கேதான் வேர்விட்டிருக்கிறது.

2020 மார்ச் 10 அன்று கேரள அரசு ஒன்றாம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரை மூடியது. மார்ச் மாதம் முடியும்வரை என்றுதான் அறிவித்தார்கள். அந்தக் கிருமி குழந்தைகளை என்ன செய்யும் என்று அன்று யாருக்கும் தெரியாது. மூடியது சரிதான், அன்று என்னைக் கேட்டிருந்தாலும் மூடத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் சின்னப் பிள்ளைகள் திரும்பிப் போனது 2021 நவம்பர் 1 அன்று. மூன்று வாரம் என்று தொடங்கியது ஏறக்குறைய 20 மாதங்கள் நீண்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலும் ஒன்று முதல் எட்டு வரை திறந்தது அதே 2021 நவம்பர் 1தான். இரு மாநிலங்களும் ஒற்றுமையாகச் செய்த அபூர்வமான காரியங்களில் இதுவும் ஒன்று!

அந்த 20 மாதங்களில் கிருமி ஒன்றும் சாதுவாகிவிடவில்லை. ஆனால் பெரியவர்களுக்குச் செய்ததை அது குழந்தைகளுக்குச் செய்யவில்லை என்பது 2020 முடிவதற்குள்ளேயே தெரிந்துவிட்டது. டென்மார்க் 2020 ஏப்ரல் 15 அன்றே பள்ளிகளைத் திறந்தது. அங்கே முதலில் வந்தவர்கள் சின்ன வகுப்புப் பிள்ளைகள். ஸ்வீடன் 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பள்ளியை மூடவே இல்லை. முதல் அலையின் நான்கு மாதங்களில், 1 முதல் 16 வயது வரையிலான சுமார் 19.5 லட்சம் குழந்தைகளில் கொரோனாவுக்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்ந்தவர்கள் 15 பேர். ஒரு குழந்தையும் அதில் இறக்கவில்லை.

உங்கள் வீட்டுக்காரர் சும்மா இருக்க மாட்டார். "ஸ்வீடனில் அப்பாருவும் பேரனும் ஒரே பாயில் படுப்பதில்லை" என்பார். நியாயமான மறுப்பு. நானே அவருக்கு இன்னொன்றையும் எடுத்துக்கொடுக்கிறேன். அதே ஸ்வீடனில், நேரில் வகுப்பு எடுத்த ஆசிரியர்களுக்கு, வீட்டிலிருந்து கணினியில் எடுத்த ஆசிரியர்களைப் போல இரண்டு மடங்கு தொற்று வந்தது. நேரில் போன மாணவர்களின் பெற்றோருக்கும் சற்றுக் கூடுதலாகவே வந்தது. ஆக, திறந்த பள்ளியால் நோய் கொஞ்சமும் பரவாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பரவும். நம் ஊரில் எவ்வளவு, அதைத் தடுக்க என்ன விலை கொடுத்தோம் என்பதுதான் கேள்வி.

2021 ஜூன், ஜூலை மாதங்களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடு முழுவதும் ரத்தப் பரிசோதனை நடத்தியது. 6 முதல் 9 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 57 பேருக்கும், 10 முதல் 17 வயதில் நூற்றுக்கு 62 பேருக்கும் கொரோனா ஏற்கெனவே வந்துபோன அடையாளம் இருந்தது. அந்தப் பிள்ளைகளில் சின்னவர்கள் ஒன்றே கால் வருடமாகப் பள்ளி வாசலை மிதிக்கவில்லை. பள்ளிக்கூடம் பூட்டித்தான் இருந்தது. கிருமி வேறு வழியாக வந்துவிட்டது. கழகத்தின் தலைமை இயக்குநராக அப்போது இருந்த பல்ராம் பார்கவா, திறப்பதென்றால் தொடக்கப் பள்ளிகளை முதலில் திறக்கலாம் என்றே சொன்னார். நாம் செய்தது தலைகீழ். பொதுத்தேர்வு இருக்கிறது என்பதற்காகப் பத்தாம் வகுப்பையும் பன்னிரண்டாம் வகுப்பையும் 2021 ஜனவரியிலேயே அழைத்தோம். தேர்வு இல்லாத பிள்ளைகளுக்கு அவசரம் இல்லை என்று நினைத்தோம். எழுத்துக்கூட்டக் கற்றுக்கொள்ளும் வயதுக்குத்தான் எல்லாரையும்விட அவசரம். பதினாறு வயதுப் பிள்ளை புத்தகத்தை வைத்துக்கொண்டு தானே முட்டிமோதிப் படிக்கும். ஆறு வயதுப் பிள்ளைக்கு எதிரே ஒரு முகம் வேண்டும்.

உங்கள் மகனுக்கு இன்னொரு சுமையும் இருந்தது. 2020 ஜூன் 1 அன்று கேரள அரசின் கல்விச் சேனலான விக்டர்ஸில் 'ஃபர்ஸ்ட் பெல்' என்ற டி.வி. வகுப்புகள் தொடங்கியபோது அது மலையாளத்தில் ஓடியது. தமிழ்வழிப் பாடங்கள் பின்னால்தான் வந்தன. கேபிளில் தமிழ்நாட்டின் கல்வித் தொலைக்காட்சி கிடைத்த வீடுகளில் பெற்றோர் அதைப் போட்டுக் காட்டினார்கள்; ஆனால் அந்தப் பாடநூல் வேறு, இங்குள்ள பாடநூல் வேறு. கேரளத்துத் தமிழ்ப் பிள்ளை இரண்டு டி.வி.க்கும் நடுவில் உட்கார்ந்திருந்தான். அப்பா தோப்பிலும் அம்மா மில்லிலும் இருக்கும் வீட்டில், கைப்பேசியும் சாயங்காலம்தான் வீட்டுக்கு வரும். 2021 ஆகஸ்டில் 15 மாநிலங்களில், யூனியன் பிரதேசங்களும் சேர்த்து, சுமார் 1,400 ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று உண்டு. கிராமங்களில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் நூற்றுக்கு 8 பேர். எதுவுமே படிக்காதவர்கள் 37 பேர். கேரளம் வேறு மாதிரி என்று நினைக்க வேண்டாம். மூன்றாம் வகுப்பில் இருந்துகொண்டு இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் 2018இல் இந்த மாநிலத்தில் 52.1 சதவீதம், 2022இல் 38.7 சதவீதம் என்று கிராமப்புறப் பிள்ளைகளின் படிப்பை அளக்கும் ஏசர் அறிக்கை சொல்கிறது.

அந்த எண்களை நான் என் மேசையிலேயே பார்த்தேன். பள்ளிகள் திறந்த பிறகு வந்த மழைக்காலத்தில், இருமலோடு வந்த நாலாம் வகுப்புப் பையன் ஒருவன். மருந்துப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். மருந்துக்கடைக்காரர் மேலே பேனாவால் "காலை, இரவு" என்று எழுதியிருந்தார். என்ன எழுதியிருக்கிறது, வாசி பார்க்கலாம் என்றேன். "கா" வந்தது. "லை"யில் நின்றான். உதட்டைக் கடித்தான், அம்மாவைப் பார்த்தான். பிறகு, "காலையும் ராத்திரியும் ஒவ்வொரு மூடி" என்று கடகடவென்று சொன்னான். கடைக்காரர் வாயால் சொன்னதை நினைவில் வைத்திருந்தான். புத்தி கூர்மையாகத்தான் இருந்தது. லை என்ற எழுத்தை அவனுக்கு அறிமுகப்படுத்தும் நேரத்தில் பள்ளியில் பூட்டுத் தொங்கியது. இப்படி மனப்பாடத்தை வைத்து வாசிப்பதுபோல் நடிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகள் இப்போது ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் இருக்கிறார்கள். ஆசிரியர்கள் அவர்களைச் சோம்பேறி என்கிறார்கள்.

எனவே மனு விஷயத்தில் என் தீர்ப்பு உங்கள் பக்கம். ஆனால் அதை வீட்டில் போய் ஜெயித்த மாதிரி சொல்லாதீர்கள்.

ஏனென்றால் உங்கள் கடிதத்தில் நீங்களே கவனிக்காத ஒன்று இருக்கிறது. மாமனார் இறந்தது 2021 மே. அன்று உங்கள் மகனுக்குப் பள்ளி இல்லை. அதற்கு முன் ஒரு வருடமாகவே இல்லை. அப்பாருவுக்கு நோய் பேரன் மூலம்தான் வந்தது என்றாலும்கூட, அது பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருக்க முடியாது. அந்த ஏப்ரல் 6 அன்று கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடந்தது. அதற்கு முன்பிருந்தே கூட்டங்கள், பிறகு விஷு, கல்யாணங்கள், காலையும் மாலையும் பால் சொசைட்டி வரிசை. பெரியவர்கள் போய்வந்த இடங்கள் எவ்வளவோ. யார் மூலம் வந்தது என்று இனி எந்தப் பரிசோதனையும் சொல்லாது.

இதை வாதமாக அவர் முன்னால் வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? "பள்ளியிலிருந்து வரவில்லை" என்று நீங்கள் சொல்வது, "அப்படியானால் சொசைட்டிக்குப் போய்வந்த நான்தான் கொண்டுவந்தேனா" என்று அவர் காதில் விழும். நாலு வருடமாக அந்தக் கேள்வியைப் பக்கத்தில் வராமல் தடுத்துக்கொண்டிருக்கிறார் என்றே நினைக்கிறேன். பள்ளியின் மேல் பழி போட்டால் மனதுக்குக் கொஞ்சம் ஆறுதல். அப்பாவை இழந்த மகன்கள் பலரிடம் இதைப் பார்க்கிறேன். மனுவில் அவர் முதல் கையெழுத்துப் போட்டது பிள்ளைகளின் படிப்பு பெரிதில்லை என்பதால் அல்ல. அம்மாவும் போய்விடுவாரோ என்ற பயம். அந்தப் பயத்துக்கு மருந்து கொடுத்தால் மனுவைப் பற்றி நிதானமாகப் பேசலாம். கூடவே, இதில் இன்னொருவரும் இருக்கிறார். "பிள்ளைகள்தான் கொண்டுவருகிறார்கள்" என்று அப்பா சொல்லும்போதெல்லாம் உங்கள் மகன் அதே வீட்டில்தான் இருக்கிறான். அப்பாருவோடு படுத்திருந்த பிள்ளை அந்த வாக்கியத்தை எப்படி எடுத்துக்கொள்வான் என்று உங்கள் வீட்டுக்காரரைத் தனியே அழைத்து ஒரே ஒரு முறை கேளுங்கள். அவன் காதுபட அதை இனி யாரும் சொல்லக் கூடாது. சொன்னதற்கு மாற்றாக, "அப்பாருவுக்கு உன்னால் ஒன்றும் ஆகவில்லை" என்று அப்பாவே அவனிடம் சொன்னால் மிகவும் நல்லது. நீங்கள் சொல்வதைவிட அவர் சொல்வதற்குத்தான் மதிப்பு.

பயத்துக்கு மருந்து என்றேன். மாமியாரை அழைத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் எந்தத் தொற்றையும் தாங்கும் சக்தி கூடும். முதல் வேலை அது. மூச்சிரைப்புக்கு இன்ஹேலர் கொடுத்திருந்தால் அதை ஒழுங்காக இழுக்கிறாரா என்று உங்கள் கண்ணெதிரே செய்துகாட்டச் சொல்லுங்கள். பாதிப் பேருக்கு மருந்து வாயிலேயே தங்கிவிடுகிறது. வருடத்துக்கு ஒரு முறை புளூ தடுப்பூசியும், நிமோனியா தடுப்பூசியும் அவருக்குத் தேவையா என்று கேளுங்கள். இந்த இரண்டு நோய்களும் இருப்பவருக்குப் பெரும்பாலும் நாங்கள் போடச் சொல்வோம். வீட்டில் யாருக்குக் காய்ச்சல், இருமல் வந்தாலும் அது நீங்கும்வரை அவர் பாட்டியின் அறைக்குள் போகாமல் இருக்கட்டும். விறகடுப்பு இருந்தால் அந்தப் புகையிலிருந்து அவரைத் தள்ளிவையுங்கள். பள்ளியைப் பூட்டுவதைவிட இவை உங்கள் மாமியாரை நன்றாகக் காப்பாற்றும். பள்ளி மூடினாலும் பால் சொசைட்டி திறந்திருக்கும் அல்லவா.

இனி மனு. பெற்றோர் சொல்வதால் மட்டும் பள்ளி மூடப்படாது; மாவட்டத்தில் அந்த அதிகாரம் கலெக்டரிடம் இருக்கிறது. ஆனால் பி.டி.ஏ. தீர்மானத்துக்கு ஒரு கனம் உண்டு. அதனால் கிழித்துப் போடச் சொல்லாதீர்கள், திருத்தச் சொல்லுங்கள். எழுந்து நின்று பேசத் தயக்கமாக இருந்தால் ஆஷா பணியாளரையோ ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுகாதார ஆய்வாளரையோ கூட்டத்துக்கு அழைக்கும்படி தலைமையாசிரியரிடம் (எச்.எம்.) முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். திருத்தத்தில் எனக்கு மிக முக்கியமானது தேதி. மூடும் எந்த உத்தரவிலும் திறக்கும் நாள் இருக்க வேண்டும். நீட்டிப்பதானால் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை காரணத்தை எழுத்தில் சொல்லி நீட்டட்டும். 2020இல் நமக்குக் கிடைக்காதது இதுதான். அடுத்தது, மூடுவதானால் கடைசியாக மூடுவதும் திறப்பதானால் முதலில் திறப்பதும் அங்கன்வாடியும் ஒன்று முதல் நான்கு வரையிலான வகுப்புகளுமாக இருக்க வேண்டும் என்பது. கடைத்தெருவும் கல்யாண மண்டபமும் திறந்திருக்கும்போது பள்ளி மட்டும் மூடியிருக்கக் கூடாது என்பதையும் சேர்த்துவிடுங்கள். இதற்குக் கைதட்டல் கிடைக்காது, மண்டபக்காரர் ஒருவராவது கூட்டத்தில் இருப்பார். மூடியே ஆக வேண்டிய நாட்களில் மதிய உணவுப் பொருள் வீட்டுக்கு வர வேண்டும். ஆசிரியர் வாரத்துக்கு இரண்டு முறையாவது ஐந்தாறு பிள்ளைகளை மரத்தடியில் உட்காரவைத்துச் சொல்லித்தர அனுமதி வேண்டும். எல்லைக் கிராமங்களுக்கென்று ஒரு வரி கூடுதலாக வேண்டும். 2021 ஆகஸ்டில் கேரளத்திலிருந்து வருபவர்களிடம் தமிழ்நாடு ஆர்.டி.பி.சி.ஆர். சான்று கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும். அப்படிச் சோதனைச்சாவடியில் கெடுபிடி வரும் காலத்தில், எல்லை தாண்டிப் படிக்கும் பிள்ளைகளையும் எல்லை தாண்டி வந்து சொல்லித்தரும் ஆசிரியர்களையும் பள்ளி அடையாள அட்டையைப் பார்த்தே விட வேண்டும் என்று இரண்டு மாவட்ட நிர்வாகங்களையும் கேளுங்கள்.

தொற்று இல்லாத காலத்திலும் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அடுத்த முறை பள்ளிக்குப் போகும்போது மகளின் வகுப்பறை ஜன்னல்களைப் பாருங்கள். லாரி போகும் சாலையோரப் பள்ளிகளில் தூசுக்குப் பயந்து ஒரு பக்கத்து ஜன்னல்களை ஆணியடித்தே மூடியிருப்பார்கள். மறுபக்கம் திறந்திருந்தும் காற்று உள்ளே வந்து அப்படியே நிற்கும். எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டிரண்டு ஜன்னல்கள் திறந்தால் போதும், நாற்பது பிள்ளைகள் விடும் மூச்சு வெளியே போய்விடும். ஆணியைப் பிடுங்க ஒரு சுத்தியல் போதும். கொரோனா, புளூ, தட்டம்மை, காசநோய் ஆகிய அனைத்தும் காற்றில்தான் வருகின்றன. காய்ச்சலோடு வரும் பிள்ளையைத் திருப்பி அனுப்பவும், அந்த நாட்களுக்கு வருகைப்பதிவில் குறை வைக்காமல் இருக்கவும் பள்ளி ஒப்புக்கொள்ள வேண்டும். நூறு சதவீத வருகைக்குப் பரிசு கொடுக்கும் பழக்கம் உங்கள் பள்ளியில் இருந்தால் அதை நிறுத்தச் சொல்லுங்கள். சளியோடும் காய்ச்சலோடும் பிள்ளையை அனுப்பும் பெற்றோரை நாமே உருவாக்குகிறோம்.

உங்கள் வீட்டுக்காரர் போன்றவர்களுக்காகவும் ஒரு வரி இருக்கட்டும்: வீட்டில் புற்றுநோய்ச் சிகிச்சை எடுப்பவர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், தீவிர மூச்சுநோய் உள்ளவர் இருந்தால், தொற்று உச்சத்தில் இருக்கும் வாரங்களில் அந்தப் பிள்ளை வராமல் இருக்க அனுமதியும், பாடத்தைக் கொண்டுவந்து கொடுக்க ஏற்பாடும் வேண்டும். சிலருக்குத் தேவையானதைச் சிலருக்குக் கொடுத்தால் எல்லாருக்கும் பூட்டுப் போட வேண்டியதில்லை. இந்த வரியை அவரையே எழுதச் சொன்னால் நல்லது.

கடைசியாக மகன். ஏழாம் வகுப்பில் திக்கி வாசிப்பதற்குப் பள்ளி மூடல்தான் முழுக் காரணம் என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள், பிறகு காதை. பார்வைக் குறைவை "படிப்பு வராதவன்" என்று வருடக்கணக்கில் திட்டிக்கொண்டிருந்த வீடுகளை நான் அறிவேன். இரண்டும் சரியாக இருந்தால், வாசிப்பில் மட்டும் வரும் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு உங்கள் பிளாக்கில் உள்ள வட்டார வள மையத்தில் (பி.ஆர்.சி.) சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், எச்.எம். மூலம் அணுகலாம், செலவில்லை. எதுவும் இல்லை, அந்த இரண்டு வருடக் குழிதான் என்றால் அதை இப்போதும் நிரப்பலாம், பன்னிரண்டு வயது ஒன்றும் காலம் கடந்த வயதில்லை. ஆனால் ஏழாம் வகுப்புப் புத்தகத்தை வைத்து நிரப்ப முடியாது. மூன்றாம் வகுப்புப் புத்தகத்துக்கு இறங்க வேண்டும். அது அவனுக்கு அவமானமாக இருக்கும், அதுவும் தங்கச்சியின் புத்தகம். தங்கையோடு ஒப்பிட்டுப் பேசுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை அவனிடம் கொடுத்துப் பாருங்கள். அண்ணன் என்ற உரிமையில் அந்தப் புத்தகத்தை எடுப்பான், முதல் முறையாக எல்லாப் பாடத்தையும் வாசித்தும் விடுவான். பாட்டிக்குத் தினமும் செய்தித்தாளில் ஒரு செய்தியை உரக்க வாசித்துக் காட்டுவதும் நல்லது, அவர் குறுக்கே பேசினாலும் திருத்த மாட்டார். தினம் இருபது நிமிடம் போதும். தவறாக வாசித்தால் நடுவில் நிறுத்தாதீர்கள், வாக்கியம் முடிந்த பிறகு அந்தச் சொல்லை மட்டும் நீங்கள் ஒரு முறை சரியாகச் சொல்லுங்கள்.

பி.டி.ஏ. கூட்டம் தள்ளிப்போகலாம், மனு திருத்தப்படலாம், திருத்தப்படாமலே கலெக்டருக்குப் போகலாம். கண் பரிசோதனையை அதுவரை தள்ளிப்போடாதீர்கள். மில்லில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு இந்த வாரமே அவனை அழைத்துப் போங்கள்; முடிந்தால் வீட்டுக்காரரும் கூட வரட்டும்.